அளவுப்பலகை

ஹெல்சிங்கியில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
எங்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை,
நாங்கள் பார்ப்பதெல்லாம் விளக்கடியில்தான்.

ஜாடியில் வந்த இடது கண்ணுக்குப் பெயர் இல்லை.
எண் உண்டு.
தொழில்: மீன்பிடி. ஊர்: கோர்ப்போ தீவு.

முதலில் முகவரி கேட்கவேண்டும்.
வெளியே வெண்படலத்தில் முளைத்திருந்தால்
அது வேறு குடும்பம், தோலுக்குச் சொந்தம்.
கதிராளியில் என்றால்
முகம் கழுவும்போதே கண்ணாடி காட்டிக்கொடுத்திருக்கும்,
பெரும்பாலும் மெதுவாக வளரும் சாது.
பிசிர் உடலில் இருப்பது லென்சுக்குப் பின்னே பதுங்கும்.
இது இன்னும் உள்ளே,
விழித்திரைக்கும் பின்னால்
இரத்தக்குழாய்கள் பின்னிய இருட்டறையில்
காளானாகக் குடை விரித்திருந்தது.

அகலம் பதினேழு மில்லிமீட்டர். உயரம் பதினொன்று.
பெரியது என்று எழுதினேன்.

பிறகு உயிரணுக்கள்.
நூல் சுற்றும் கதிரைப் போல
இருமுனையும் கூர்ந்தவை ஒரு பக்கம்.
கதிர் என்று பெயர்,
வெளிச்சம் ஏதுமில்லை அதில்.
இன்னொரு பக்கம் உருண்டவை,
ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதவை.
ஒவ்வொன்றின் கருவுக்குள்ளும் ஒரு தடித்த புள்ளி,
குனிந்து பார்க்கும் என்னை
அது நிமிர்ந்து பார்க்கும்.
இரண்டும் சேர்ந்திருந்தால் கலப்பு.
கலப்பு என்று எழுதினேன்.

என் அறைக்கு நோயாளிகள் வருவதில்லை.
அவர் வந்தார்.
ஆல்காட் ஷியோப்லூம்,
இடது இமைமேல் பஞ்சுக்கட்டு,
கையில் செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட கூஹா மீன்.
எவ்வளவு பெரிது, என்றார்.
சொன்னேன்.
கட்டைவிரல் நகத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"படகில் ஓர் அளவுப்பலகை வைத்திருக்கிறேன்.
கோட்டைத் தொடாத மீனைத்
தண்ணீரிலேயே விட்டுவிடுவோம்."

நாங்களும் அப்படித்தான், என்றேன்,
சின்னதை உடனே தொடமாட்டோம்,
விட்டுவைத்துப் பார்ப்போம்.
சொன்னபிறகுதான் தோன்றியது,
அவருடையது ஒருகாலத்தில் சின்னதாக இருந்திருக்கும்,
பார்க்கத்தான் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு, அது உருவத்தைப் பார்ப்பதில்லை.
மரபணுக்கள் எவை பேசுகின்றன, எவை வாயடைத்துவிட்டன
என்று கேட்டு
வகுப்பு ஒன்று அல்லது இரண்டு என்று பதில் தரும்.
ஒன்றிலும் அ, ஆ என்று பிரிவு.
இரண்டு என்றால் அநேகமாக
மூன்றாம் குரோமோசோம் தன் ஜோடியை இழந்திருக்கும்,
ஈரலை அடிக்கடி படமெடுக்கவேண்டும்.
படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
முடிவை அறிய விரும்பவில்லை.
அதில் பேனா அழுத்திப் போட்ட பெருக்கல் குறி.
தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது.
அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி.

"பார்க்கலாமா?" என்றார்.

நாற்காலியை இறக்கிக்கொடுத்தேன்.
வலது கண்ணை நுண்ணோக்கியில் வைத்து
இடது கண்ணைப் பார்த்தார்.
நெடுநேரம்.
"ஹெர்ரிங் கூட்டம்," என்றார், "எல்லாம் ஒரே திசையில் ஓடுது."
கண்ணாடித் தகட்டைச் சற்றே நகர்த்தினேன்.
பேச்சு நின்றது.
"இதுங்க எங்கே போகுதுன்னு தெரியலையே."

வெளிர்ச் சாம்பல் கண் அவருக்கு,
பனிக்கட்டி உடைந்த நாளின் கடல்நிறம்.
இந்த நோய்க்கு அந்த நிறத்தின்மேல் ஒரு பிரியம் உண்டு.
அதையும் நான் சொல்லவில்லை.

எழுந்து கோட்டு மாட்டினார்.
பொத்தான் ஒன்று தவறிய துளையில் போயிற்று,
ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் தூரம் பழகவில்லை.
கடைசிப் படகைப் பிடிக்கப் பேருந்து நாலேகாலுக்கு.

அறிக்கையில் எண்ணைத் தட்டச்சு செய்தேன்.
அவர் கேட்காததை
இங்கேயும் எழுதப்போவதில்லை.

இரவு, வெட்டுவதற்கு முன்
கூஹாவைச் சமையல்மேடையில் நீட்டிக் கிடத்தினேன்.
புகையில் வெளுத்த கண்.
தையல்பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து
தலையிலிருந்து வால்வரை அளந்தேன்.
சட்டம் சொல்வதைவிட
இரண்டு விரற்கடை அதிகம்.