மிஞாக் ஹித்தாம்

மலாயில் இதற்கு மிஞாக் ஹித்தாம் என்று பெயர்.
கறுப்பு எண்ணெய்.
டப்பாவைத் திறந்தால் தேன் நிறம்.
கறுப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

பினாங்குப் பாலம் கரையேறும் பிறையில்,
இரும்புத் தூசி படிந்த சாலையோரம்
உதிரிப்பாகக் கடை. கல்லாவில் நான்.
முதலாளி லிம் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான்
சண்டைக்காரர்கள் வருவார்கள்.

இன்று சத்தியசீலன்.
டிப்ஸ்டிக்கை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு:
"நாலு நாள்! நாலே நாள்ல தாரு மாதிரி ஆயிடுச்சு.
போலி எண்ணெயை எந் தலையில கட்டிட்டீங்க."

கறுக்கட்டும் என்றேன்.
டீசல் இஞ்சினில் கறுக்காத எண்ணெயைக் கண்டால்தான்
எனக்குப் பயம்.
கரியை எங்கும் படிய விடாமல்
தன் மேல் ஏற்றிக்கொண்டு திரிவதுதான் அதற்கு உத்தியோகம்.
வேலை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வரும் வெல்டரை
நீங்கள் நம்புவீர்களா?

அவர் சிரிக்கவில்லை.
அலமாரியின் மேல்தட்டைக் காட்டி,
அந்த விலை கூடினது போட்டிருக்கணுமோ என்றார்.

லோரி எந்த வருஷம்?
"தொண்ணூத்தெட்டு."
புகைக்குழாயில் ஃபில்டர் உண்டா?
"ஓட்டைதான் உண்டு."
அப்படியானால் அது வேண்டாம்.
சாம்பல் குறைந்த எண்ணெய், ஃபில்டர் வைத்த புது வண்டிகளுக்கு.
உங்களுக்குப் பதினைந்து டபிள்யூ நாற்பது போதும்.
டபிள்யூ என்றால் குளிர்காலம்.
கடை நிறைய குளிர்காலம் அடுக்கி வைத்திருக்கிறோம்,
இந்த ஊரில் ஒருவரும் வாங்கி நடுங்கியதில்லை.

டீசல் எங்கே போடுறீங்க?

முதல் முறையாகச் சாலையைப் பார்த்தார்.
"பம்புலதான்."
எந்தப் பம்பு?
"எல்லாப் பம்புலயும்."

டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டு
டிஷ்யூ தாளில் விட்டேன்.
நடுவில் மை.
அதைச் சுற்றிப் பழுப்பு.
அதையும் தாண்டி, தாளே கண்ணாடியானது போல
ஒரு மெல்லிய வளையம்
ஊர்ந்துகொண்டே போனது.

எண்ணெய் அளவு எப்படி?
"ஒரு சொட்டு குறையல. கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு."
பெருமையாகத்தான் சொன்னார்.

எண்ணெய் தானாக ஊறாது அண்ணே.
இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கீழே இறங்குது.
மோந்து பாருங்க.

மோந்தார்.
நெடுநேரம் மோந்தார்.

பிறகு வந்தது:
ஆற்றோரம் நீல டிரம். பாதி ராத்திரி.
லிட்டருக்கு அறுபது சென் குறைவு.
கொண்டெய்னர் கூலி மூன்று வருஷமாக ஏறவில்லை,
வங்கித் தவணை மட்டும் தேதி தவறுவதில்லை.
ராத்திரியில் எல்லா டீசலும் ஒரே நிறம்.

என்ன சொல்ல?
நல்ல டீசல் போட்டால் சரியாகிவிடும் என்றுகூட
வாய் விட்டுச் சொல்ல முடியாது.
பம்பு டீசலில் கலந்திருக்கும் செம்பனை எண்ணெய்
பழைய தொட்டியின் அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும்.
ஒரு வாரத்தில் ஃபில்டர் அடைக்கும்.
மேட்டில் வண்டி திணறும்.
நல்லதுக்கு மாறியதால்தான் கெட்டது என்று தோன்றும்.
அப்போது டிரம்காரன் நினைவு வரும்.
அந்த ஒரு வாரம்தான்.

விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.
இன்ஜெக்டர் அடுத்த மாதம்.
எண்ணெய் கடனில்.
ஃபில்டர் ஒன்று காசுக்கு;
இரண்டாவதை நானே பைக்குள் போட்டேன்,
லிம் விழித்ததும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

லோரி உறுமிக் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன்,
டிப்ஸ்டிக் கல்லா மேல் கிடந்தது.
எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கிறார்.
வலது போனால் பம்பு.
இடது போனால் ஆறு.
அந்த லோரிக்கு
இரண்டு பக்கமும் சிக்னல் எரிவதில்லை.