எழுபது சிசி

எழுபது சிசி என்றால்
டீக்கடை கிளாஸில் முக்கால்.
அதற்குள்தான் எல்லாம் நடந்தாக வேண்டும்.
பெட்ரோல் வெடிக்க வேண்டும்,
மாரிக்கண்ணு போக வேண்டும்,
அவளோடு நாற்பது கிலோ மடவை போக வேண்டும்,
தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராவதற்குள்
மன்னார்குடி வந்துவிட வேண்டும்.

"டாட்டா ஏஸ்காரன் ஏழு மணிக்கே எறக்கிடறான்.
நான் போறதுக்குள்ள
நல்ல மீன் கேக்குறவன்லாம் வாங்கிட்டுப் போயிடறான்.
மிச்சம் நிக்கிறவன் பேரம் பேசுறவன்."
வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள்.
ஒரு மடவையைச் செய்தித்தாளில் சுற்றி
என் ஸ்பானர் தட்டில் வைத்தாள்.
முன்பணம்.

ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
எக்ஸாஸ்ட் போர்ட்டை அரை மில்லி உயர்த்த
எலிவால் அரத்தால் இரண்டு மணி நேரம்.
அரை மில்லி என்றால் நாலைந்து தாளின் தடிமன்.
அதற்கு மேல் போனால் இழுவை செத்துவிடும்.
குறைந்தால் செய்ததும் செய்யாததும் ஒன்று.
ஹெட்டை அசனுடைய லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவினேன்.
முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினேன்.
கார்புரேட்டரில் பெரிய ஜெட்.
சைலன்சருக்குள்ளிருந்து தடுப்புக் குழாயை உருவியபோது
பதினாலு வருஷத்து முத்துப்பேட்டை மசி
முழங்கை வரைக்கும்.

ஓட்டிப் பார்க்கக் கோரையாற்றுக் கரை.
ஸ்பீடோமீட்டர் முள் எழுந்து பல காலம்.
கண்ணில் தண்ணீர் வருவதை வைத்துத்தான் வேகம் சொல்வேன்.
அன்றைக்கு இரண்டு கண்ணிலும் வந்தது.
நிறுத்தி, சூட்டோடு பிளக்கைக் கழற்றினேன்.
வெள்ளையாக இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.
கறுப்பாக இருந்தால் காசு புகையாகப் போகும்.
இது வறுத்த காபிக்கொட்டை.
யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது.
வாத்து மேய்க்கிறவர் ஒருத்தர்தான் இருந்தார்.
காட்டினேன்.
"கெட்டுப்போச்சா தம்பி?" என்றார்.

ஒன்பது நாள் மாரிக்கண்ணு முந்தினாள்.
ஐந்தரைக்கு அவள் கிளம்பும் சத்தத்தில்
தெருவே எழுந்து என்னைத் திட்டியது.
பெட்ரோல் ரொம்பக் குடிக்குது என்றாள்,
சிரித்துக்கொண்டே.

பத்தாம் நாள்.
தை பிறந்து இருபது இருக்கும்.
களத்தில் இடமில்லாமல் ரோட்டில் பாதி நெல்.
வளைவுக்கு அந்தப் பக்கம்
யாரோ அப்போதுதான் தார்ப்பாயை விலக்கிப் பரப்பியிருக்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை. அவளே சொன்னதுதான்:
நெல்லின் மேல் வழுக்கிப் போகும்போது
டயருக்கு அடியில் சத்தமே இல்லையாம்.
மெத்தையில் போவதுபோல் இருந்ததாம்,
ஒரு நொடி.

பிறகு பெட்டி வாய் திறந்து,
மடவையெல்லாம் நெல்லில் புரண்டு,
பொன் ஒட்டிக் கிடந்தன.
ஐஸ் என் நெல்லை நனைச்சிடுச்சு என்று அவர்.
நெல்லு என் மீனைக் கெடுத்திடுச்சு என்று இவள்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால்
கொள்முதல் நிலையத்தில் எவன் எடுப்பான்?
கடைசியில் ஆறு கிலோ அவருக்கு, காசில்லாமல்.
மீதியை வேடிக்கை பார்க்க நின்றவர்களிடம்
ரோட்டிலேயே விற்றாள்.
வண்டியைத் தூக்கி நிமிர்த்தியது
டாட்டா ஏஸ்காரன்.
முழங்காலைவிட அதுதான் வலித்தது என்றாள்.

சாயங்காலம் என் கடை வாசலில்,
கட்டுப்போட்ட காலோடு.
வேகத்தைக் குறைத்துத் தரட்டுமா என்றேன்.
முறைத்தாள்.
"ஓட வச்சியே,
நிக்கிறதுக்கு என்ன செஞ்ச?"

போர்ட், ஹெட், ஜெட், பல்.
நான் தொட்டதெல்லாம் முன்னே தள்ளுகிற பாகம்.
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து
பின்சக்கரத்தைக் கழற்றினேன்.
பிரேக் ஷூ தேய்ந்து தகடு தெரிந்தது.
நாளை கும்பகோணத்திலிருந்து புதுசு வரும்.
டிரம்மைக் கவிழ்த்துத் தட்டினேன்.
தரையில் விழுந்தது
ஏழெட்டு நெல்,
ஒரு செதில்.