நாலு டன்

ஓதம் முழுசாக ஏற இன்னும் நாற்பது நிமிடம்.
ஓசித் கோதே மடக்கு நாற்காலியை விரித்து
ஆடுகிற காலுக்கு ஒரு கூழாங்கல் முட்டுக்கொடுக்கிறாள்.
ஆகஸ்டு பதின்மூன்று, பண்டி வளைகுடா,
தென்மேற்குக் காற்று,
பென்சிலால் எழுதிவிட்டு
பறவைக்கான கட்டத்தைக் காலியாக விடுகிறாள்.

உள்ளான்கள் இன்னும் மேய்கின்றன.
மைல் கணக்கில் சிவந்த சேறு,
சேறு முழுக்கக் கூனி.
அதைத் தின்னத்தான் வடதுருவப் பக்கமிருந்து இத்தனை தூரம்.
வரும்போது இருபது கிராம்,
கிளம்பும்போது நாற்பது.
அப்புறம் மூன்று நாள்
கால் வைக்க இடமில்லாத கடல்.

எனக்கு எடைதான் தெரியும்.
கேப் பெலேயில் சிங்கி இறால் ஆலை, இரவு ஷிப்ட்,
தராசுப் பக்கம் பதினொரு வருடம்.
கையில் வாங்கினாலே சொல்லிவிடுவேன்,
ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம்.
ஓசித்துக்கு எண்ணிக்கை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
ஏறின தலையும் இறங்கின தலையும் ஒத்துப்போகாமல்
வீட்டுக்குப் போகமாட்டாள்.

தண்ணீர் வந்தது.
இங்கே கடல் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை,
வாடகை கேட்க வரும் வீட்டுக்காரன்போல
நிதானமாகப் படியேறும்.
சேறு சுருங்கச் சுருங்க
உள்ளான்கள் ஒதுங்கி ஒதுங்கி
எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே
இரண்டு பாய் அகலம் கூழாங்கல்லில்
அத்தனையும்.
கல் எது, பறவை எது?
சிலது ஒற்றைக்காலில் தூங்கின.
மாங்க்டனிலிருந்து வந்தவர் நாயை வாரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
நாயும் ஏனோ குரைக்கவில்லை.

ஓசித் பத்தை எண்ணினாள்.
பத்துப் பத்தாக நூறு.
அந்த நூறைக் கட்டைவிரல் நகத்தால் மூடி
நகம் நகமாகக் கரை நெடுக அளந்தாள்.
எண்பத்தாறாயிரம், என்றாள்.
லட்சம், என்றேன்.
எதை வைத்து?
சும்மாதான். லட்சம் என்றால் பெருக்கச் சுலபம்.
லட்சம் நாற்பது கிராம், நாலு டன்,
எங்கள் ஆலை லாரி ஒன்று நிறையச் சரக்கு.
பாதி நேற்று வந்தது, என்றாள்,
இன்னும் இருபதிலேயே இருக்கும்.

அப்போது வல்லூறு.
முதலில் பார்த்தது யார் என்றால்
நாங்கள் இல்லை.
லாரி எழுந்தது.
டயர் இல்லை, டீசல் இல்லை,
நாலு டன்
ஒரே மூச்சில் தரையை விட்டது.
வயிறு காட்டித் திரும்பினால் வானம் பளீரென்றது,
முதுகு காட்டினால் புகை,
மறுபடி திரும்பினால்
புகையும் இல்லை.
கன்னத்தில் காற்றுப் பட்டது.
அது தென்மேற்கிலிருந்து வரவில்லை.

வல்லூறு ஒன்றைக் கொண்டுபோனது.
நாற்பது கிராமோ, இருபதோ.
நாலு டன்னில் எந்தத் தராசும் அதற்கு முள் அசைக்காது.
மீதியெல்லாம் அதே பாய் அகலத்தில் வந்திறங்கி
விட்ட இடத்திலிருந்து தூங்கின.

ஓசித் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
போனதைச் சேர்க்கணுமா?
எண்ணும்போது இருந்ததே, என்றேன்.
இறங்கும்போது இல்லையே, என்றாள்.
கட்டத்தில் எண்பத்தாறாயிரம் எழுதி
ஓரத்தில், யாரும் கேட்காத இடத்தில்,
சின்னதாக ஒரு கோடு போட்டாள்.

ஏழு மணிக்கு எனக்கு வேலை.
முதல் கூடை வந்தது,
ஈரம் சொட்ட, வழக்கமான கனம்.
தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
எவ்வளவு, என்று அந்தப் பக்கமிருந்து அல்ஃபே கத்தினான்.
கை எடை சொல்லவில்லை.
அது எழும்பட்டும் என்று
காத்திருந்தது.