கடைவாய்ப் பல்

அடிவாரச் செக்போஸ்ட் தாண்டியதும்
முதல் வளைவுக்கு முன்பே
என் நாக்கு வலப்பக்கம் போய்
அந்தப் பல்லைத் தொட்டுவிட்டு வரும்.
இருபது வளைவு, நாளைக்கு மூன்று நடை.
கண்டக்டர் குணாளனுக்கு இது தெரியாது.
பின்படியில் நின்று சில்லறை எண்ணுகிறான்.

தீர்த்தகிரி, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
ஓட்டினாய், அவ்வளவுதான்.
கிளட்சை எதிரியைப்போல் மிதிப்பாய்.
ஆனால் வளைவு தெரியும்.
சேர்வராயன் மலையில் பிறந்தவனுக்கு
சாலை எங்கே முதுகைத் திருப்பும் என்று
உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.
நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன்.
அரிசி மண்டிக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவே
நேர்க்கோட்டில் வளர்ந்தவன்.
சோஜிலா ஏறும்போது கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன்.
பாக்கெட்டிலிருந்து காய்ந்த ஆரஞ்சுத் தோலை
நீட்டினாய்.
"மோந்து பாரு. நாகலூர் தோட்டத்துது.
ஆறு மாசமாச்சு, இன்னும் சாகல."

திராஸில் இரவு விளக்குப் போடக் கூடாது.
முன்னால் போகும் லாரியின் அடியில்
டிஃபரென்ஷியல் மேல் பூசிய வெள்ளைப் பெயிண்ட்,
அதற்கு மேலே பீடி நெருப்பளவு ஒரு பல்பு.
அந்தத் தேங்காய்ச் சில்லு வெள்ளையை மட்டும் பார்த்தபடி
நாற்பது வண்டிகள் ஊர்ந்தோம்.
அது நின்றால் நாம் நிற்க வேண்டும்.
அது விழுந்தால்
என்று தொடங்கிய வாக்கியத்தை
யாரும் முடித்ததில்லை.

ஜூன் பதினொன்று. என் முறை.
தாடை பன் ரொட்டி மாதிரி வீங்கிக் கிடந்தது.
ரம்மில் நனைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஆணியில் தொங்கிய என் சாவியை நீ எடுத்தாய்.
"பல்லுக்கெல்லாம் லீவு குடுக்கறது
நம்ம கம்பெனியிலதான்டா" என்றாய்.
சிரித்தால் வலிக்கும்.
அதனால் சிரிக்கவில்லை.

உன் பொருட்களுக்குப் பட்டியல் போட்டபோது
சாட்சிக் கையெழுத்து நான்.
கம்பளி இரண்டு. கைக்கடிகாரம் ஒன்று, ஓடுகிறது.
மணியார்டர் ரசீது நான்கு.
பழத்தோல், சிறிது, என்று எழுதிய கிளார்க்
யோசித்து, அதை மட்டும் அடித்தார்.
அடித்த கோட்டுக்குப் பக்கத்திலும்
கையெழுத்து வேண்டும் என்றார்.
போட்டேன்.

உன் அக்கா வெள்ளச்சி
செவ்வாய்தோறும் லீ பஜாரில் மிளகு போட்டுவிட்டு
நாலு நாற்பது வண்டிக்கு வருவாள்.
காலிச் சாக்கை நாலாய் மடித்து மடியில் வைத்து
இஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்காருவாள்.
குண்டு விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன்.
உயிர் உடனே போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறேன்,
பார்த்தவன்போல.
யாருடைய வண்டி என்று அவள் கேட்டதில்லை.
கேட்காததை நான் சொன்னதில்லை.
மிளகு விலை, மழை, தோட்டத்தில் இறங்கும் காட்டெருமை,
இருபத்திரண்டு வருஷமாக
எல்லாம் பேசியாயிற்று.

இன்று பன்னிரண்டாவது வளைவில் மூடுபனி.
முன்னால் ஒரு பால் வேன்,
பின் விளக்கில் ஒன்று அவிந்தது.
பனி கிழிந்த இடத்தில், வெகு கீழே,
வெள்ளைக்கல் சுரங்கத்து மண்மேடுகள்.
முதன்முதலாகப் பனிமலையைப் பார்த்த அன்று
நீ துளிகூட அசரவில்லை.
"நம்ம மேக்னசைட் மேடுதான்டா.
கொஞ்சம் ஜில்லுனு இருக்கு."

"கன்னம் வீங்கியிருக்கே. பல்லா?"
வெள்ளச்சிதான் கேட்டாள்.
ஆமாங்க்கா.
"எத்தனை நாளா?"
கியரைக் குறைத்தேன். இஞ்சின் இரைச்சலில்
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.
"புடுங்கிப் போடு தம்பி.
வெச்சிருந்து என்ன பண்ணப்போற."

பதின்மூன்றாவது வளைவு.
ஹாரன் அடித்தேன். மேலிருந்து எதுவும் வரவில்லை.
நாக்கு போய்த் தொட்டது.
இருக்கிறது.