பதினாலு ஜோடி

புயல் ஓய்ந்த மறுநாள் விடியுமுன்
லியெபாயாக் கரையில் குனிந்தே நடப்பேன்.
பாசிக் குவியலைக் காலால் கிளறினால்
தேன்துளி ஒன்று ஈரத்தில் கண்சிமிட்டும்.
எடுத்ததும் பையில் போட்டுவிட முடியாது.
போர் முடிந்து கடலில் கொட்டிய குண்டுகளின்
பாஸ்பரஸுக்கும் அதே நிறம், அதே வழவழப்பு;
காய்ந்ததும் தீப்பிடித்துத் தொடையைப் பொசுக்கும்.
அதனால் தகர டப்பா.
ஒருநாள் முழுக்க வாசலில் காயவிட்டு
எரியாமல் கிடப்பதை மட்டும்
அம்பர் என்று வீட்டுக்குள் அழைப்பேன்.

அப்புறமும் சந்தேகம் தீராது.
உப்புக் கரைத்த நீரில் மிதக்கிறதா?
கம்பளியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கிறதா?
சுட்ட ஊசியை ஓரத்தில் வைத்தால்
பைன் காடு மணக்கிறதா, பிளாஸ்டிக் நாறுகிறதா?
தேறிய கல்லை மூன்று பதத் தாளில் இழைத்து
சாக்குப்பொடி போட்டு மெருகேற்றுவேன்.
வளையத்தின் வாயைப் பற்றாசு வைத்து அடைப்பேன்.
இடுக்கியால் நெருக்கினால் போதாதா என்பாள்
பக்கத்தில் கறுப்பு ரொட்டி விற்கும் ஸைகா.
"யார் பார்க்கப் போகிறார்கள், விஸ்மா?"
ஸ்வெட்டர் நூல் பார்க்கும் என்பேன்.

யானித் திருநாள் சந்தையில்
பதினாலு ஜோடி காதணி போயின.

ஆகஸ்டில் ஒருத்தி வந்தாள்.
மடாரா என்று பெயர், டிராம் ஓட்டுகிறாளாம்.
காதோரக் கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள்:
மடல் சிவந்து வீங்கி
துளையில் நீர் கோத்திருந்தது.
"கல் அழகாய்த்தான் இருக்கிறது" என்றாள்.
அந்த 'தான்' சுட்டது.

கொக்கி.
ரீகாவிலிருந்து நூறு வரவழைத்தேன்.
பாக்கெட்டின்மேல் வெள்ளி என்று அச்சடித்திருந்தது.
வழக்கமான கடையைவிட
மூன்றில் ஒரு பங்கு விலை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்து
கிட்டே கொண்டுபோனேன்.
வீடு திரும்பியவளைக் கண்ட நாய்க்குட்டிபோல்
துள்ளி வந்து ஒட்டியது
நிக்கல் பூசிய இரும்பு.

கடலை நம்பாதவள்
காகிதத்தை நம்பியிருக்கிறேன்.

செப்டம்பர்ச் சனிக்கிழமைகள் முழுக்கப் பலகை வைத்தேன்:
ஜூனில் என்னிடம் வாங்கியவர்கள் கொண்டுவாருங்கள்,
கொக்கி தவறு, தவறு என்னுடையது,
அசல் வெள்ளியில் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.
படித்தவர்களில் பாதிப் பேர்
அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.
சொந்தக் காசில் சூனியம் என்றாள் ஸைகா.
என்றாலும் மத்தியானம்
ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி நீட்டினாள்.

வந்தார்கள்.
பியானோ கற்றுத்தருபவள் வந்தாள்.
கிறிஸ்துமஸுக்கு ஒளித்துவைத்த பெட்டியைப்
பிரிக்காமலே ஒருவர் கொண்டுவந்தார்,
"மனைவிக்குத் தெரிய வேண்டாம்" என்று.
கப்பல் சமையல்காரர் ஒருவர் நீட்டியது
நான் செய்ததே இல்லை.
கையில் வாங்கியதும் தெரிந்தது, கல்லும் கல்லில்லை.
அதைப் போட்டுக்கொண்டுதான்
அவர் மகள் கல்யாணத்தில் ஆடினாளாம்.
சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.
அவர் கேட்டது கொக்கி.
கொக்கியை மாற்றிக் கொடுத்தேன்.

கையில் மிஞ்சிய எழுபத்திரண்டு கொக்கியும்
தகர டப்பாவுக்குள், வாசலுக்கு வெளியே.

அக்டோபரில் நோட்டைத் திறந்து எழுதினேன்:
வெள்ளிக் கம்பி பதினோரு கிராம்.
செய்கூலி இல்லை.
திரும்பியது பன்னிரண்டு ஜோடி.
சேதாரம் என்ற இடத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.

பனி இறங்கிவிட்டது. சந்தை மூடியாயிற்று.
எங்கோ இரண்டு பேர்
தூக்கத்தில் காதைச் சொறிந்தபடி
கல்லின்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.