பத்துக் கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
காலி லாரி ஏறினால் ஓர் எண்.
முக்கால் இஞ்சு ஜல்லியோடு திரும்பி வந்தால் ஓர் எண்.
கழித்துச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை.
டிரைவர் இறங்கிவிட்டாரா, இன்னும் உள்ளே இருக்கிறாரா
என்பதுவரை அதற்குப் புரியும்.
என் இமைக்குள் இறங்கியது புரியவில்லை.

ஆடிக்காற்று.
பாலக்காட்டுக் கணவாயில் நுழையும்போது ஈரமாய்த்தான் இருக்குமாம்.
காரணம்பேட்டை வருவதற்குள்
தண்ணீரை எங்கேயோ கொட்டிவிட்டு
வெறுங்கையாய் வந்து
எங்கள் கிரஷரில் கை நிறைய அள்ளிக்கொள்ளும்.

மயிலாத்தா முந்தானை நுனியைத் திரித்து
எச்சிலில் நனைத்துக்கொண்டு வந்தாள்.
"காட்டுங்க, எடுத்துப்போடறேன்."
கம்ப்ரசர் வெள்ளியங்கிரி
"வெளக்கெண்ண ஒரு சொட்டு" என்றார்.
எதற்கும் நான் காத்திருக்கவில்லை.
தேய்த்தேன்.
மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன்,
எட்டு லோடு போகிறவரைக்கும்.

சூலூர் டாக்டர்
மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கு அடித்து,
திரையைத் திருப்பிக் காட்டினார்.
கருவிழியில் பச்சையாய் இரண்டு கோடு.
"இந்தச் சின்னது தூசி போட்டதுங்க.
இந்த நீளமானது நீங்க போட்டது."

இனி விழுந்தால் நல்ல தண்ணீரில் கண்ணைத் திறந்து மூடச் சொன்னார்.
பக்கவாட்டில் மறைப்பு வைத்த கண்ணாடி போடச் சொன்னார்.
பல்லடத்தில் நூற்று நாற்பது ரூபாய்.
"வெல்டிங்குக்குங்களா?"
"இல்லீங்க, ஒக்கார்றதுக்கு."

ஒரு வாரம் சிரித்தார்கள்.
'சந்திரனுக்குப் போற அக்கா' என்றான் ஒரு கிளீனர்.
நானும் சிரித்தேன்.
ஆனால் அதுவரை
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வண்டி நம்பரை மட்டும் பார்த்தவள்
கண்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.
சின்னியண்ணனுக்கு மூக்கோரத்திலிருந்து சதை கிளம்பி
வெள்ளையைத் தாண்டிக் கருப்பின் கரையைத் தொட்டிருந்தது.
பத்து வருசமாய்ச் சீட்டுக்கு நீண்ட கைதான் எனக்குப் பழக்கம்.

"சீட்டக் குடு கண்ணு, நேரமாச்சு."

எங்கள் பக்கம் எல்லாமே கண்ணுதான்.
பால் குடிக்காத குழந்தை கண்ணு,
கட்டுத்தறி எருமை கண்ணு,
கடன் கேட்டு வந்தவனும் வட்டி கேட்டு வந்தவனும் கண்ணு.
நிஜக் கண்ணை என்னவென்று கூப்பிடுவது?

"தார்ப்பாய் கட்டீட்டு வாங்ணா, தர்றேன்."

பின்னால் ஆறு லாரி ஆரன் அடித்தது.
மேனேஜர் போனில் கத்தினார்.
எனக்குக் கை நடுங்கியது, அது வேறு.
பதினோரு நிமிசம் கழித்து
சின்னியண்ணன் மேலே ஏறினார்,
என் அம்மாவையும் மொத்தக் காற்றையும் சேர்த்து வைதுகொண்டே.
மூன்று முடிச்சுத்தான் போட்டார்.
நாலாவது மூலை
தூக்கம் வராத இமை மாதிரி
திறந்து திறந்து மூடிக்கொண்டு போயிற்று.

ரோட்டில் ஒரு பைக் அந்த லாரியை ஒட்டி வந்தது.
ஓட்டியவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.
டேங்க் மேல் உட்கார்ந்திருந்த பையனுக்கு
இறக்கிக்கொள்ள எதுவும் இல்லை.
இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.
அந்த மூலை.
நாளைக்கு அந்த மூலை.

ராத்திரி கண்ணாடியை டம்ளரில் போட்டு அலசினேன்.
அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு நகக்கண் அளவு.
காலி எடை இருந்தால் கழித்துப் பார்த்திருப்பேன்.
என் கண்ணுக்கு
யாரும் காலி எடை எடுத்து வைக்கவில்லை.

சொட்டு மருந்து.
முதல் துளி கன்னத்தில் விழுந்தது.
இரண்டாவது சரியாய் விழுந்தது.
மின்விசிறி மங்கி, மூன்றாகி, ஒன்றாகி வரும்வரை
கையை மடியிலேயே வைத்திருந்தேன்.