குதிரைக் கொம்பு

ஹெங்க் ஜூலையில் செத்துப்போனார்,
ஏப்ரலில் புதைத்த கொம்புகள்
எங்கே என்று
ஒருவரிடமும் சொல்லாமல்.

நாற்பது கொம்பு.
எல்லாம் கன்று ஈன்ற பசுக்களுடையவை.
பச்சைச் சாணம் திணித்து
வாய் கீழ்நோக்கி அடுக்கி
குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்.
செப்டம்பரில் தோண்டினால்
சாணி நாற்றம் போயிருக்கும்,
மழை விட்ட காட்டின் வாசம் அடிக்கும் என்பார்கள்.
நான் கூட்டுறவுக்குக் கணக்கு எழுதுகிறவள்.
என் பேரேட்டில் அதற்கு ஒரே வரி:
உரம், சொந்தத் தயாரிப்பு, மதிப்பு இல்லை.

கொரும்பராவுக்குத் தெற்கே, அந்தச் சரிவில்,
பதினோரு பேர் மண்வெட்டியோடு நின்றோம்.
வேலியோரம்தான் என்றாள் மகள் மரைக்கா.
மேட்டில் என்றான் பால்வண்டி ஓட்டும் கொலின்,
தண்ணீர் தேங்காத இடம்தானே பார்ப்பார்.
யாரோ உலோகம் தேடும் கருவி கொண்டுவந்தார்கள்.
கொம்பில் ஏது இரும்பு?
அது கண்டெடுத்தது
ஒரு லாடம், சில பீர் மூடிகள்,
பத்து வருடமாய் ஹெங்க் தேடிய குறடு.
குறட்டைப் பார்த்ததும்
மரைக்கா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிடைக்காத பொருளை
எங்கள் பேச்சில் குதிரைக் கொம்பு என்போம்.
சொன்னேன்.
கொலின் மட்டும் சிரித்தான்,
அதுவும் பாதியில்.

பால் அறைச் சுவரில் நடவு நாட்காட்டி தொங்குகிறது.
இன்று வேர் நாள், நாளை பூ நாள்,
நிலா கிட்டே வரும் பொழுதில் விதைக்காதே.
ஏழில் செவ்வாய் என்று
மூன்று வீட்டார் காபியோடு எழுந்துபோன பிறகு
பஞ்சாங்கம் இல்லாத நாடு தேடி
கடல் தாண்டி வந்தவள் நான்.
நம்புகிறாயா என்று ஹெங்க் ஒருமுறை கேட்டார்.
இல்லை என்றேன்.
திங்கட்கிழமைகளில் நானும் நம்புவதில்லை என்றார்,
கலக்குவதை நிறுத்தாமல்.

மூன்று மணிக்கு ஒரு யூட் வந்து நின்றது.
டெஸ்மண்ட் குயிக்லி.
பதினாறு வருடமாய் இந்தக் கேட்டைத் தாண்டாதவர்.
கையால் கலக்கினால்தான் சாரம் இறங்குமா,
இயந்திரம் கலக்கினாலும் ஆகுமா என்பதில்
சங்கம் இரண்டாய்ப் பிளந்த கதை அது.
கோயில் யானைக்கு எந்த நாமம் என்று
கோர்ட்டுக்குப் போன ஊர்க்காரி எனக்கு
அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மரப்பெட்டிக்குள் மண் ஜாடி,
ஜாடிக்குள் கறுப்பாய், மெத்தென்று, கொம்பு உரம்.
'இது அவர் மாட்டுக் கொம்பில் வளர்ந்தது' என்றார்.
'எண்பத்தொன்பதில் மூன்று பசு விற்றார் எனக்கு.
ஒன்றுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.'

வெந்நீர் விளாவிய பீப்பாயில் கொட்டினோம்.
ஒரு மணி நேரம்.
வலப்பக்கம் சுற்றி, நடுவில் பள்ளம் விழுந்து
அடி தெரியும்போது
உடைத்து, இடப்பக்கம்.
தண்ணீர் ஒரு நொடி திகைத்து, நுரைத்து,
மறுபடி ஒழுங்குக்கு வரும்.
இயந்திரக் கட்சிக்காரர்தான்
முதலில் சட்டைக் கையை மடித்தார்.
என் முறை வந்தபோது தோள் எரிந்தது.
சுழி ஆழமாய் இறங்கியது.
எங்கள் மொழியில் சுழி என்றால்
பூஜ்யமும்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாய,
ஆளுக்கொரு வாளியும் வெள்ளையடிக்கும் தூரிகையுமாய்
சரிவில் பரவி நடந்தோம், பெரிய பெரிய துளிகளாய் உதறிக்கொண்டு.
எங்களில் யாரோ, எந்த அடியிலோ,
அந்த நாற்பதின் மேல்
மிதித்துப் போயிருக்க வேண்டும்.
பசுக்கள் வேலியருகே வந்து பார்த்தன,
கொம்போடு.

மறுநாள் பழைய பேரேடுகளைப் புரட்டினேன்.
குயிக்லி, டி. பசு மூன்று. பாக்கி ஒன்று.
ஹெங்கின் சாய்ந்த கையெழுத்து.
அதன்மேல் கோடு இழுக்க
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
கடன் இருக்கட்டும்,
கேட்டுக்கு இந்தப் பக்கம் வர ஒரு காரணம் வேண்டுமே.

அடுத்த முறை புதைக்கும்போது
வரைபடம் வரைந்துவைப்பது என்று
கூட்டத்தில் ஒருமனதாய்த் தீர்மானம் போட்டோம்.
யார் வரைவது என்று எழுத மறந்துவிட்டேன்.